சிவசங்கரின் பச்சைப் புள்ளி

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் வெண்மதி என்று கேட்டால், எந்த வெண்மதி என்பார்கள். புள்ளி வெண்மதி என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்து, அங்கேயே கீழ வீதியில் மருந்துக்கடை மாடியிலிருக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டவள். தினமும் கடலூரில் பஸ் ஏறி, சன்னலோர சீட்டுக்கு ஒரு சண்டை போட்டு, மடியில் லேப்டாப்பை விரித்துவிடுவாள். என்னம்மா படம் பாக்குறியா என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால் முறைப்பாள். கோபக்காரி.

புள்ளி என்ற பெயர் அவள் செய்த போன் ஆப்பால் வந்தது. ஊரில் முப்பத்தெட்டு ஃபைபர் படகு, ஊர்ப் பேச்சில் போட்டு. எந்தப் போட்டின் போன் லைனில் இருக்கிறது என்று கரையிலிருந்தே பார்க்கலாம். இருந்தால் பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி. கிளம்பும்போது ஆப்பைத் திறக்க வேண்டும், திரும்பியதும் மூட வேண்டும், மூடினால் பச்சை அணையும். எல்லாம் சரிதான். ஆனால் கடலில் எந்தப் போன் சொல்லிவிட்டுப் போகிறது? டவர் எட்டாது, தண்ணீர் தெறிக்கும், சார்ஜ் தீரும். முதல் வாரம், கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்களெல்லாம் ஆப்பில் நடுக்கடலில் பச்சையாக இருந்தார்கள். ஊரே அவளை ஓட்டித் தள்ளிவிட்டது.

அவளா விடுவாள்? போன் லைனுக்கு வந்த உடனேயே சர்வரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கும்படி மாற்றினாள். நான் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துபோனால், நீயே பச்சையை அணைத்து, கடைசியாக இருந்த நேரத்தையும் இடத்தையும் எழுதிவிடு. நேரமும் சர்வரின் கடிகாரப்படிதான். போட்டுக்காரர்களின் போன் கடிகாரத்தை நம்பினால் ஒருவருக்கு இன்னும் நேற்றுதான் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு ஊர் புள்ளியை நம்பியது. நன்றாகவே நம்பிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுடைய அண்ணன் சிவசங்கர் இரண்டு பேரோடு விடியற்காலையில் கடலுக்குப் போனான். பத்து மணிக்குள் மற்ற போட்டுகள் கரை ஏறிவிட்டன. அவன் வரவில்லை. அண்ணி மகேஸ்வரி சிதம்பரத்துக்குப் போன் போட்டாள். வெண்மதி ஆப்பைப் பார்த்தாள். பச்சை. மீன்பாடு நல்லா இருக்கும்போல, வந்துடுவாரு அண்ணி என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். தேடிப் போகலாமா என்று எழுந்த பக்கத்துப் போட்டு தேவநாதனும் பச்சையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

பன்னிரண்டாகியும் ஆளைக் காணோம். வெண்மதி அண்ணனுக்குப் போன் செய்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. எல்லைக்கு வெளியே இருப்பவனுக்குப் பச்சை எப்படி? அண்ணியைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, ஒங்க போன்ல எந்த நம்பர் போட்டு ஆப்பத் தொறந்தீங்க?"

"ஒங்க அண்ணன் நம்பர்தான். போட்டுக்காரவுங்க நம்பருக்குத்தான அது தொறக்குது? அவருதான் ஓடிபி சொன்னாரு. காலைலேர்ந்து கைய விட்டு எறக்கல மதி. பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

ஒரே பேரில் இரண்டு போன். கடலிலிருந்த போன் அறுந்ததும் சர்வர் பச்சையை ஒழுங்காக அணைத்திருக்கிறது. அடுத்த நொடியே வீட்டுப் போன் அதே பேரில் இருக்கிறேன் இருக்கிறேன் என்று மறுபடி ஏற்றிவிட்டது. சர்வரின் பழைய பதிவுகளைத் தோண்டினாள். போட்டுப் போன் 7.12க்கு அறுந்திருந்தது. ஐந்து மணி நேரம். ஊரில் பாதிப் பெண்கள் புருஷன் நம்பரில்தான் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதும் அங்கேயே தெரிந்தது. வெண்மதிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தேவநாதனுக்குப் போன் போட்டு நேரத்தையும் இடத்தையும் சொன்னாள். ஏன் எப்படி என்று அந்த மனுஷர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணி தெக்க இழுக்குது, பரங்கிப்பேட்டைக்கு நேரா பாக்குறோம் என்று மூன்று போட்டைக் கடலில் தள்ளிவிட்டார். அவள் கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். அன்றைக்கு சன்னலோர சீட்டு காலியாகவே இருந்தது. அவள் கம்பியைப் பிடித்தபடி கடலூர் வரை நின்றுகொண்டே வந்தாள்.

கரையில் மகேஸ்வரி போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தப்பு எங்கே என்று வெண்மதி சொல்லி முடித்ததும் அண்ணியின் முகம் செத்துப்போனது.

"நான் பாத்துக்கிட்டே இருந்ததாலதான் தெரியாமப் போச்சா?"

"இல்ல அண்ணி. ஒங்களுக்குன்னு அதுல ஒரு பேரு போடாம வுட்டேன் பாருங்க, அதால. போட்டத்தான் எண்ணுனேன். கரைல நிக்கிறவுங்கள எண்ணல."

இரண்டரை மணிக்கு தேவநாதனின் போன் வந்தது. மூணு பேரும் இருக்காங்க. வலை, தண்ணீருக்குள் சுழலும் காத்தாடியில் சுற்றி இன்ஜின் நின்றுபோயிருக்கிறது. அதை அறுக்கக் குனிந்தபோது, போட்டிலிருந்த ஒரே போனான சிவசங்கரின் போன் தண்ணீரில் விழுந்திருக்கிறது. வெண்மதி அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தனை கோபக்காரி அப்படி அழுவாள் என்று யாரும் நினைத்ததில்லை.

அந்த வாரம் அவள் லீவு போட்டு வீடு வீடாகப் போனாள். இப்போது ஒவ்வொரு போனும் தனித்தனி வரி. ஒன்று அறுந்தால் இன்னொன்று அதை மறைக்காது. கரைப் பெண்களுக்கு அவரவர் நம்பர், அவரவர் பேர், அவரவர் புள்ளி. இசைவாணி, குணசுந்தரி, மங்கலம் என்று ஐம்பத்தொரு பேர்.

சிவசங்கர் புதுப் போனோடு மறுபடி கடலுக்குப் போன அன்று, பஸ்ஸில் வெண்மதி பார்த்துக்கொண்டே போனாள். 6.50க்கு அவன் புள்ளி அணைந்தது. கடைசியாக 6.50 என்று சர்வர் எழுதியது. இனி அது பொய் சொல்லாது. ஆனாலும் அவள் அடுத்த நொடியே போனை எடுத்தாள். அண்ணியைக் கூப்பிட்டு, டவர் எட்டாத தூரந்தான், பயப்படாதீங்க, சாப்பிட்டீங்களா என்று என்னென்னவோ கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். எம் புள்ளி அவருக்குத் தெரியுமா மதி?"

"டவர் வந்ததும் மொதல்ல அதான் தெரியும் அண்ணி."

"அப்ப நான் மூட மாட்டேன்" என்று மகேஸ்வரி போனைச் சார்ஜில் செருகினாள்.

ஒன்பது நாற்பதுக்கு சிவசங்கர் மறுபடி பச்சையானான். மகேஸ்வரி அதுவரை அணையவே இல்லை.