குடலாரின் தொட்டி

மருந்தியல் ஆய்வுக்கூட உதவியாளரைக் கல்லூரி முழுவதும் குடலார் என்றே அழைத்தது. காரணப் பெயர்தான். ஆராய்ச்சிக்கு வரும் விலங்குக் குடலின் விரல் நீளத் துண்டை வெதுவெதுப்பான உப்புக் கரைசல் நிறைந்த கண்ணாடித் தொட்டியில் தொங்கவிட்டு, கீழிருந்து ஆக்சிஜன் குமிழிகளை விட்டு, சாகாமல் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம்.

அந்தத் துண்டு தன்பாட்டுக்குக் கனவு கண்டுகொண்டிருக்கும். அசிட்டைல்கோலின் ஒரு சொட்டு விட்டால் போதும். நரம்பு நுனி தசைக்குச் சொல்லியனுப்பும் சேதி அது; தசைச் செல்லின் வாசலில் போய் ஒட்டும், உள்ளே கால்சியம் பெருகும், இழைகள் ஒன்றையொன்று இழுக்கும். துண்டு சோம்பல் முறிப்பதுபோலச் சுருங்க, நூலில் கட்டிய முள் காகிதத்தில் ஒரு குன்று வரையும். கழுவிவிட்டால் மறுபடி தூக்கம். இதில் மூளைக்கு ஒரு வேலையுமில்லை. மேலதிகாரிகளைப் பற்றிக் குடலார் கொண்டிருந்த கருத்துக்கும் இதுவே ஆதாரம்.

வீட்டில் இந்த வித்தை செல்லாது. மனைவி தையல்காரர், மானஸ்தி. தனக்கு வயிறு என ஒன்று உண்டு, அது சத்தம் போடும் என்பதை அவர் ஒப்புக்கொண்டதேயில்லை.

குடல்வால் வெடித்து மனைவிக்கு அறுவை நடந்தது. அது நல்லபடி முடிந்தது. குடல்தான் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டது. டாக்டர் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார். உள்ளே நிசப்தம்.

"காத்து பிரியணும். அதுவரைக்கும் வாயில தண்ணிகூட வேணாம். நாளைக்கும் அசையலேன்னா மறுபடி திறந்து பார்க்க வேண்டி வரலாம்."

குடலார் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிற்பகல் வெயில் பச்சைத் திரையில் வடிந்து வார்டையே கண்ணாடித் தொட்டியாக்கியிருந்தது. கட்டில்கள் மிதந்தன. குளுக்கோஸ் சொட்டும்போதெல்லாம் அவர் கண் தானாக முள்ளைத் தேடியது. முள் எங்கும் இல்லை. முகத்தில் குளிர்காற்று அடிக்க, திடுக்கிட்டு எழுந்தார். ஏசி. தொட்டியின் சூடு இறங்கினால் குடல் எந்தச் சொட்டுக்கும் மசியாது. அவர் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. போய் அணைத்துவிட்டார்.

வார்டே வியர்த்தது. நர்ஸ் வந்தார். "யாருங்க ஏசியை நிறுத்தினது?"

"நான்தான் சிஸ்டர். குளிருல குடல் வேலை செய்யாது."

"அவர் வேலை அப்படி, சிஸ்டர்" என்றார் கட்டிலருகே நின்ற மச்சினர். "அத்தானுக்கு எங்கக்காவும் ஒரு துண்டுதான்."

"துண்டு தானா சூடு வெச்சுக்காது சார். அம்மா வெச்சுக்குவாங்க. கையைத் தொட்டுப் பாருங்க" என்றார் நர்ஸ்.

தொட்டார். சூடாகத்தான் இருந்தது. ஏனோ விடவில்லை.

"சிரிக்க வைக்காதீங்க" என்றார் மனைவி. "தையல் இழுக்குது. நான் போட்டிருந்தா இப்படி இழுக்காது."

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா பரிவாரத்தோடு வந்து கட்டிலைச் சூழ்ந்தார். நலம் விசாரிப்புக்கு நடுவே போர்வைக்குள் எங்கோ தூரத்து இடிபோல ஒரு உறுமல். குடலாரின் கண்ணெதிரே காற்றில் குன்று ஒன்று எழும்பியது. ஆனால் மனைவியின் முகம் இறுகுவதையும் பார்த்தார். குடல் மூளையைக் கேட்காதுதான். கடைசி வாசல் மட்டும் மூளையின் கையில். மானஸ்தி அதைத் தாழிட்டுக்கொண்டிருந்தார்.

குடலார் குனிந்தார். "விட்டுடும்மா."

"சம்பந்தி இருக்காங்க."

"இருந்துட்டுப் போகட்டும். எனக்கு நீ இருக்கணும்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் சுருக்கமாக, தெளிவாக இருந்தது. சம்பந்தியம்மா ஜன்னலுக்கு வெளியே எதையோ மிக அக்கறையாகப் பார்த்தார்.

"மானம் போச்சு" என்றார் மனைவி, கண்ணைத் திறக்காமல். "அப்புறம் ஏன் நிக்கறீங்க? போய் சிஸ்டர்கிட்ட தண்ணி கேளுங்க. காரணத்தை மெதுவா சொல்லுங்க."

குடலார் சிஸ்டரிடம் சொன்னது மேல்மாடிவரை கேட்டது.