ஆறு பாயிண்ட் வாங்கிய விண்வெளி ஆட்டம்

எங்கள் வீட்டில் மூட்டை அடுக்கும் மூலைக்கு எதிரேதான் என் மகளின் கம்ப்யூட்டர் இருக்கிறது. லீவு நாளில் தெருப் பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் அதைச் சுற்றி வந்து நின்றுகொள்கிறீர்கள். அக்கா வீடியோ கேமுக்கு மார்க் போடுவாங்களாமே, எல்லாரும் ஒன்பது போட்டதுக்கு அக்கா மட்டும் ஏன் ஆறு போட்டாங்க என்று கேட்கிறீர்கள். அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு வேலையாக இருப்பாள். பதில் சொல்வது என் தலையில் விழும். நான் எட்டாவது வரை படித்தவன். வாயால் சொன்னால் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிவிடுவேன். அதனால் நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். படித்துக்கொள்ளுங்கள்.

என் மகள் கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் படிப்பு முடித்தாள். தமிழில் வீடியோ கேம்களைப் பற்றி எழுதும் ஓர் இணையதளத்தில் வேலை கிடைத்தது. வீட்டில் இருந்தபடியே செய்யலாம். புது கேம் ஒன்று கடைக்கு வரும் முன்பே இவளுக்கு அனுப்புவார்கள். இவள் முழுக்க ஆடிப் பார்த்து எது நல்லா இருக்கிறது, எது இல்லை என்று எழுதி, கடைசியில் பத்துக்கு ஒரு மார்க் போடுவாள். அதைப் படித்துவிட்டுத்தான் பலர் காசு கொடுத்து வாங்குவார்கள். முதலில் அவளுக்கு வந்ததெல்லாம் சின்ன ஆட்டங்கள்தான். ஓடுவது, தாண்டுவது, வண்டி ஓட்டுவது. பெரிய ஆட்டங்கள் சென்னையில் இருக்கும் ஆட்களுக்குப் போய்விடும்.

பிறகு ஒரு பெரிய ஆட்டம் வந்தது. விண்வெளியில் நடப்பது. அதன் முதல் பாகத்தை இவள் காலேஜ் படிக்கும்போதே மூலை முடுக்கெல்லாம் ஆடி முடித்திருந்தாள். இப்போது வந்தது இரண்டாம் பாகம். கதையாக ஓடும் ஆட்டம் இல்லை இது. உங்களுக்கு ஒரு கிரகத்தைக் கொடுத்துவிடுவார்கள். அங்கே என்ன விதைப்பது, எதைத் தோண்டுவது, விளைந்ததை எந்தக் கப்பலில் ஏற்றி எந்த நட்சத்திரத்துக்கு அனுப்புவது, பக்கத்துக் கிரகத்துக்காரனோடு சண்டையா சமாதானமா, எல்லாம் நீங்களே முடிவு செய்ய வேண்டும். ஒரு குடும்பத்தை நடத்துவதையே பெரிசாக்கி வானத்தில் வைத்த மாதிரி.

அதை அவளிடம் கொடுத்த இணையதள ஆசிரியர் போனில் ஒன்று சொன்னார். இதை நன்றாக எழுதினால் இனிமேல் பெரிய ஆட்டங்கள் அவளுக்கே வரும், வேலையும் நிரந்தரம். சரியில்லை என்றால் பழையபடி ஓடுகிற, தாண்டுகிற ஆட்டம்தான். மகள் அதை எங்களிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

அவள் ஆடி முடிப்பதற்குள் வெளிநாட்டுக்காரர்கள் எழுதியது எல்லாம் வந்துவிட்டது. எல்லோரும் ஒன்பது, ஒன்பதரை. ஆழமான ஆட்டம், இப்படி ஒன்று வந்ததே இல்லை என்கிற மாதிரி எழுதியிருந்தார்களாம். இவள் மனதிலும் ஒன்பதுதான் இருந்தது. கட்டுரையைக்கூடக் கிட்டத்தட்ட முழுக்க எழுதிவிட்டாள். ஒரே ஒரு பத்திதான் பாக்கி: புதிதாக ஆட வருகிறவருக்கு இது எப்படி இருக்கும்? அவளுடைய சிநேகிதர்கள் எல்லோரும் முதல் பாகம் ஆடியவர்கள். புது ஆள் யார் என்று பார்த்தால் நான்தான்.

கல்வராயன் மலைப்பக்கம் நல்ல மழை பெய்துகொண்டிருந்த நேரம் அது. எங்கள் மரவள்ளிக் காடு சேறாகிவிட்டது, வேலை இல்லை. நான் சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் ஆடிப் பாரு, நான் ஒன்றும் சொல்லித்தர மாட்டேன் என்று சொல்லி என்னை உட்காரவைத்தாள்.

எனக்குக் கிடைத்த கிரகம் செம்மண் கிரகம். பார்த்ததும் பிடித்துப்போயிற்று. தண்ணீர் இருக்கிற பக்கம் விதைத்தேன். வீடு கட்டினேன், ஜனங்கள் வந்தார்கள். விளைந்தது கிடங்கில் சேர்ந்தது. திரையின் ஓரத்தில் சந்தை விலை ஓடிக்கொண்டிருந்தது. விலை மோசமாக விழுந்திருந்தது.

இந்த இடத்தில் நாங்கள் மரவள்ளி போடுகிறவர்கள் என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். நெல்லை அறுத்தாக வேண்டும், அறுத்ததை விற்றாக வேண்டும். மரவள்ளிக்கு அது கிடையாது. விலை இல்லை என்றால் நாங்கள் பிடுங்க மாட்டோம். கிழங்கு மண்ணிலேயே இருக்கும். மண்தான் எங்களுக்குக் கிடங்கு. ரொம்ப நாள் விட்டால் நார் பாய்ந்துவிடும், அதற்கு முன்னால் விலை ஏறினால் பிடுங்கிக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் விலை விழுந்தவுடன் அவசரப்பட்டு விற்கிறவனைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

அதையேதான் செய்தேன். கப்பல் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒரு மூட்டை வெளியே போகக் கூடாது என்று வைத்துவிட்டேன். கிடங்கு நிறைந்தது. இன்னொரு கிடங்கு கட்டினேன். என் மனைவியின் தம்பி அப்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"இன்னா மாமா, இங்க கீற காடு பத்தலன்னு மேல போயிட்டியா?"

விலை ஏறட்டும், நான் யார் என்று பார் என்றேன்.

விலை ஏறவில்லை. என் ஜனங்கள்தான் ஒவ்வொருவராக விழுந்தார்கள். என்ன நோய் என்றே தெரியவில்லை. வீடுகள் காலியாயின. பக்கத்துக் கிரகத்துக்காரன் வந்தான், சண்டைகூடப் போடவில்லை, அவன் கொடியை என் செம்மண்ணில் நட்டுவிட்டுப் போனான். மச்சான் கை தட்டிச் சிரித்தான், மகளும் சிரித்தாள். அவன் சிரித்து ஓயும்வரை காத்திருந்துவிட்டு மகளிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"கிடங்குல ரொம்ப நாள் வெச்சா கெட்டுப்போவும்பா. கெட்டதத்தான் அவங்க துன்னுக்கினு இருந்தாங்க. மொதல் பாகத்துலயே அப்படித்தானே."

"மொதல் பாகத்த நான் எங்கம்மா பாத்தேன்? இதுல எங்க சொல்லியிருக்கு, காட்டு."

காட்டுகிறேன் என்று கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு பக்கத்தைத் திறந்தாள். அதில் இல்லை. அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. கடைசியில் ஒரு சின்னப் படத்தின் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தால் பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். முதல் பாகத்தில் கிடங்கு கெட ஆரம்பித்தால் சிவப்பாக ஒரு குறி வருமாம். இதில் திரை பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அதை எடுத்துவிட்டிருந்தார்கள்.

அவள் சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் முதல் பாகத்துப் பழக்கத்தில் எதையும் தேக்கிவைக்காமல் விற்றுக்கொண்டே வந்தவள். அதனால் அந்தக் குறி காணாமல்போனது அவள் கண்ணில் படவே இல்லை. ஒன்பது போட்டவர்கள் எழுதியதை எல்லாம் மறுபடி எடுத்துப் படித்தாள். ஒருவர் விடாமல் முதல் பாகத்தை வருஷக்கணக்கில் ஆடியதைப் பெருமையாக எழுதியிருந்தார்கள். அப்படியானால் புதிதாக வருகிறவனுக்காக யாருமே ஆடிப் பார்க்கவில்லை.

முதலிலிருந்து மறுபடி ஆடினாள், ஒன்றும் தெரியாத ஆள் மாதிரி. தெரிந்ததை மறந்து ஆடுவது அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கை தானாகப் போய் விற்றுவிடும். அப்போது என்னைக் கூப்பிட்டு மவுஸை என் கையில் கொடுத்துவிடுவாள். அப்படி ஆடியதில் இதே மாதிரி சொல்லாமல் விட்ட இடங்கள் இன்னும் பல அகப்பட்டன. பழகிய பிறகு ஆட்டம் அருமை, பக்கத்துக் கிரகத்துக்காரர்களின் தந்திரம் போல் வேறு எதிலும் பார்த்ததில்லை என்று எழுதியதை அவள் அழிக்கவில்லை. அதை அப்படியே வைத்துவிட்டு, உள்ளே வர வழி விடாத ஆட்டம் என்றும் எழுதினாள். ஒன்பதை அடித்து ஆறு போட்டாள்.

மறுநாள் காலையில் ஆசிரியர் கூப்பிட்டார். எங்களுக்கும் கேட்கும்படி போனை வைத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை. உலகமே ஒன்பது போடுகிறது, நாம் சின்ன இடம், இவர்களுக்கு ஆடத் தெரியவில்லை என்பார்கள், எட்டு மார்க்காவது போட்டுக்கொடு என்று பொறுமையாகத்தான் கேட்டார்.

"சார், எழுதினதுல தப்பு இருந்தா சொல்லுங்க, மாத்துறேன். நம்பர மட்டும் மாத்த மாட்டேன் சார்."

அவர் மறுபடி படித்துப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். இந்த ஆட்டத்தோடு பெரிய ஆட்டம் எல்லாம் போச்சா என்று என் மனைவி கேட்டாள். தெரியலம்மா என்றாள் மகள்.

ஆனால் எனக்குப் பயம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். நாங்கள் கிழங்கு கொண்டுபோகிற ஜவ்வரிசி ஆலையில் லோடிலிருந்து கொஞ்சம் சாம்பிள் எடுத்துத் தண்ணீரில் எடை போட்டு, மாவு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதற்குப் பாயிண்ட் என்று பெயர். பாயிண்ட்டைப் பொறுத்துத்தான் விலை. மழையில் பிடுங்கினால் பாயிண்ட் கம்மியாகும். எங்கள் ஊரில் யாரும் சொன்ன பாயிண்ட்டை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தது கிடையாது. இன்னும் ஒன்று போடுங்க என்று நின்று கேட்போம். ஆனால் தராசுக்காரர் ஒருவர் இருந்தார், யார் கேட்டாலும் ஏற்ற மாட்டார், யாருக்கும் குறைக்கவும் மாட்டார். திட்டிக்கொண்டே எல்லோரும் அவர் தராசுக்குத்தான் வண்டியை விடுவோம். என் மகள் சின்ன வயதில் லோடு மேல் உட்கார்ந்து என்னோடு வந்தவள். அதையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

கட்டுரை வெளியே வந்தது. ஆறு, ஆறாகவே இருந்தது. ஆசிரியர் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. மரவள்ளி போடுகிற என் அப்பாவை ஆடச் சொல்லிப் பார்த்தேன் என்று அவள் மறைக்காமல் எழுதியிருந்ததால், அதையே பிடித்துக்கொண்டு பலர் கட்டுரைக்குக் கீழே கிண்டல் எழுதினார்கள். மச்சான் போனை எடுத்துக்கொண்டு வந்து படித்துக் காட்டினான்.

"மாமா, கெழங்கு புடுங்கறவங்க எல்லாம் ராக்கெட் உடக் கூடாதாம். ஒன்னத்தான் சொல்லிக்கினு கீறான்."

"படிச்சுக்கினே வா. கீழ இன்னா போட்டிருக்கு?"

கீழே வேறு மாதிரி எழுத ஆரம்பித்திருந்தார்கள். வாங்கி ஒரே நாளில் மூடிவைத்துவிட்டேன், எனக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்தேன் என்று ஒருவர். எனக்கும் கிடங்கில்தான் கெட்டது என்று இன்னொருவர். அப்படி வந்துகொண்டே இருந்தது. மச்சான் படித்துக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் கிண்டலை விட்டுவிட்டு, நிறைய பேருப்பா என்றான்.

ஆசிரியர் அடுத்த பெரிய ஆட்டத்தை அனுப்பிவைத்தார். வேலை நிரந்தரமான செய்தி அதற்குப் பிறகு வந்தது. என் மனைவி தெருவுக்கெல்லாம் கேசரி கொடுத்தாளே, உங்களில் பாதிப் பேர் இரண்டு தடவை வாங்கினீர்களே, அது இதற்குத்தான்.

சில மாதம் கழித்து அந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் அதைத் திருத்தி அனுப்பினார்கள். மகள் எது மாறியது என்று சொல்லாமல் என்னை உட்காரவைத்தாள். அதே செம்மண் கிரகம். விலை விழுந்திருந்தது. கப்பலை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் கிடங்கின் மேல் சிவப்பாக ஒரு குறி எழுந்து நின்றது. சரி, இங்கே மண்ணில் விட முடியாது என்று புரிந்தது. பாதியை வந்த விலைக்குத் தள்ளினேன். ஒருவரும் சாகவில்லை.

இப்போது நன்றாக இருக்கிறதே, மார்க்கை ஏற்றிவிடேன் என்றேன். அவள் பழைய கட்டுரையின் கீழே, ஆட்டம் திருத்தப்பட்டுவிட்டது, புதியவர்கள் இப்போது தைரியமாக வரலாம் என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். ஆறைத் தொடவில்லை.

"அது அன்னிக்கி வந்த லோடுக்குப் போட்ட பாயிண்ட்டுப்பா."

நான் திரைப் பக்கம் திரும்பினேன். மீதிப் பாதிக்கு விலை லேசாக ஏறத் தொடங்கியிருந்தது.