பச்சைத் தாளில் எழுதிய குறிப்பு

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. பக்கத்தில் இருப்பவர்கள் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அவ்வளவு நல்லவன் இல்லை நான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இளநிலை உதவியாளராக இருந்தேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து காலை பாசஞ்சரில் வந்து, சந்திப்பு ரயில் நிலையத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போவேன். ஆராய்ச்சி செய்பவர்களுக்கு டெல்லியிலிருந்து நிதியுதவி வரும். அதற்கான விண்ணப்பங்களையும் கால நீட்டிப்புக் கோரிக்கைகளையும் சரிபார்த்து மேலே அனுப்புவது எங்கள் வேலை. எப்படிச் சரிபார்ப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. முன்னால் இருந்தவர் செய்ததைப் பார்த்துச் செய்தோம்.

அதனால் ஒரு வருடம் ஐந்து நாள் பயிற்சி வைத்தார்கள். சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்தார். கடைசி நாள் தேர்வு, தேறியவர்களுக்குச் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் உதவியாளர் பதவி உயர்வு. ஆறு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தத் தாள் உயிருக்கு மேலாகத் தெரிந்தது.

தேர்வுக்கு ஆளுக்கொரு பழைய கோப்பைக் கொடுத்தார்கள். கோரிக்கையைப் படித்து, குறைகளைக் கண்டுபிடித்து, பரிந்துரை எழுத வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதினால் போதும் என்றார் அதிகாரி. என் கெட்ட நேரம், எனக்கு அது போதவில்லை. பிரிவுக்கு ஓடிப்போய், நிஜக் குறிப்பு எழுதும் பச்சைத் தாளை எடுத்துவந்தேன். எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, துளையிட்டு, நாடாவில் கோத்து, கோப்போடு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

எட்டுக் குறை கண்டுபிடித்திருந்தேன். ஆற்று நீரை ஆராய்கிற ஒரு மாணவியின் கோரிக்கை அது. பாபநாசம் தொடங்கி ஆறு கடலில் சேரும் இடம்வரை மாதாமாதம் தண்ணீர் எடுத்துச் சோதித்திருந்தாள். மூன்றாவது வருடத்துக்கு நீட்டிப்புக் கேட்டிருந்தாள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நீர் எடுத்த நாட்கள் விட்டுப்போயிருந்தன. 'பணியில் தொடர்ச்சி இல்லை. நீட்டிப்புக்குப் பரிந்துரைக்க இயலவில்லை' என்று முடித்தேன். அதிகாரி அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். "குறிப்புன்னா இப்படி இருக்கணும்" என்றார். மாதிரிக்கு வைத்துக்கொள்வதாக ஒரு நகலும் எடுத்துக்கொண்டார். நான் முதலாவதாகத் தேறினேன். அன்று மாலை சந்திப்பில் அல்வா வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து அவள் வந்தாள். சாத்தான்குளம் பக்கத்துப் பெண். கம்பிக் கூடையில் சீட்டு ஒட்டிய பாட்டில்கள். அன்றும் ஆற்றிலிருந்துதான் நேரே வந்திருக்கிறாள், பாவாடை விளிம்பு நனைந்திருந்தது. கையில் எங்கள் அலுவலகக் கடிதம்.

"தொடர்ச்சி இல்லன்னு போட்டிருக்கு சார். அந்த ரெண்டு மாசமும் ஆத்துல வெள்ளம்லா? கரையிலயே நிக்க முடியல, எப்படி எறங்கித் தண்ணி எடுக்க?"

கடிதத்தைப் படித்தேன். ஒவ்வொரு வரியும் என்னுடையது. அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துப் பார்த்தேன். பயிற்சிக்காக அவசரத்தில் அள்ளிய பழைய கோப்புகளோடு நடப்பில் இருந்த அவளுடைய கோப்பும் போயிருக்கிறது. தேர்வு முடிந்து கோப்பு மேசைக்குத் திரும்பியதும், விடுப்பிலிருந்து வந்த கண்காணிப்பாளர் என் பச்சைத் தாளைப் பார்த்து, வழக்கம்போலக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் கையெழுத்துக்குக் கீழே எங்கள் பிரிவு அதிகாரி. எங்கள் பிரிவில் கையெழுத்துக்கு மேலே இருப்பதை யாரும் படிப்பதில்லை. கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

"பாக்கேன்ம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"இது இல்லன்னா பாதியில விட்டுட்டு ஊருக்குத்தான் போகணும் சார். இந்த மாசக் கடைசிக்குள்ள தெரிஞ்சா போதும்."

அவள் போனதும் கண்காணிப்பாளரிடம் சொன்னேன். அவர் கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோப்புல ஏறுன தாளை உருவக் கூடாதுன்னு அந்தப் பயிற்சியிலதானவே படிச்சீரு? திருத்திக் குறிப்பு எழுதும், நான் வேண்டாங்கல. ஆனா பரீட்சைத் தாளை ஏன் இங்கன கோத்தேன்னு கேப்பாவ. உம்ம சான்றிதழ் போவும். பைய யோசிச்சுச் செய்யும்."

பைய யோசித்தேன். அதுதான் நான் செய்த பாவம். நாலு வரி எழுதியிருந்தால் போதும். காலையில் எழுத நினைப்பேன், மாலையில் நாளைக்கு என்று வைப்பேன். இரண்டு முறை அவள் வந்தாள். இரண்டு முறையும் "மேல போயிருக்கும்மா" என்று பொய் சொன்னேன். நம்பிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் பதினோராம் தேதி என் பதவி உயர்வு ஆணை வந்தது. பன்னிரண்டாம் தேதி திருத்தக் குறிப்பு எழுதினேன். பெரிய வீரன்தான். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வழக்கம்போலக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். நீட்டிப்பு வழங்கிய கடிதம் அவளுடைய விடுதிக்குப் போனது, ஆள் இல்லையென்று திரும்பி வந்தது. ஊர் முகவரிக்கு அனுப்பினேன். அதுவும் திரும்பியது. அவளுடைய துறைக்குப் போய் விசாரித்தேன். மாதக் கடைசியிலேயே போய்விட்டாள் என்றார்கள். நடைக்கூடத்தில் அவள் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. சீட்டுகளில் இடமும் நாளும் குண்டுக் குண்டான எழுத்தில். ஐப்பசி, கார்த்திகைக்கும் இரண்டு பாட்டில் வைத்திருந்தாள். 'வெள்ளம்' என்று எழுதி, காலியாக.

அன்றிலிருந்துதான் பாலத்தில் கண்ணை மூடுகிறேன். திறந்திருந்தால் கீழே குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள் நடுவே யாரோ குனிந்து பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது தெரியும். உற்றுப் பார்த்தால் இருக்காது. பயமாக இருக்கும்.

சில வருடம் கழித்து அந்தப் பயிற்சியை நடத்த என்னையே போட்டார்கள். சென்னையிலிருந்து பாடப் புத்தகம் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் 'மாதிரிக் குறிப்பு' என்ற தலைப்பில் என் குறிப்பு, நான் கையால் எழுதியபடியே அச்சாகியிருந்தது. அவள் பெயரையும் என் கையொப்பத்தையும் மட்டும் மை தடவி மறைத்திருந்தார்கள். அதை மாற்றக் கேட்டு எழுதியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே என்று எழுதவில்லை. ஒவ்வொரு வருடமும் யாராவது எழுந்து சத்தமாக வாசிப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பேன்.

தொண்ணூற்றொன்பதில் வள்ளியூரிலிருந்து வந்த புது எழுத்தர், ஒரு பெண், வாசித்துக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"சார், ஐப்பசி கார்த்திகைன்னா ஆத்துல வெள்ளம் வந்திருக்கும்லா? இத எழுதுனவங்க ஒரு வார்த்தை அந்தப் பிள்ளைகிட்ட கேட்டிருக்கலாமே. அப்புறம் அவளுக்கு என்ன ஆச்சு சார்?"

அறை முழுவதும் என்னைப் பார்த்தது.

"இது சும்மா பயிற்சிக்கு எழுதினதும்மா" என்றேன். "மேல வாசி."