கணக்கில் வராத பிள்ளை

அறுபதுகளின் தொடக்கத்தில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கணக்கு தப்பு. அதில் நான் இல்லை.

கணக்கெடுக்க வந்த வாத்தியார் தாடிக்கொம்பிலிருந்து வேகாத வெயிலில் சைக்கிள் மிதித்து எங்கள் ஊருக்கு வந்தார். அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தவளே நான்தான்.

"எத்தனை பிள்ளைக?" என்று கேட்டார்.

"நாலு சார்" என்றார் அப்பா.

நாங்கள் ஐந்து பேர். பிள்ளைகளை முழுசாக எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று எங்கள் பக்கம் ஒன்றைக் குறைத்துத்தான் சொல்வார்கள். சரி, குறைத்துத் தொலையட்டும். ஆனால் பெயர் கேட்டபோது அப்பா என் தம்பிகள் நாலு பேரை மட்டும் வரிசையாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார். காலிச் சொம்பை வாங்க நான் எதிரிலேயே நின்றேன். வாத்தியாரும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவிடம் பாய்ந்தேன். "கண்ணு படும்னா கடைக்குட்டியை விட்டுட்டுச் சொல்ல வேண்டியதுதானே?"

அம்மா பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள்.

"ஆம்பளப் பிள்ளையை இல்லைன்னு சொல்ல வாய் வருமாடி?"