வளைவில்லாத வழி

அப்பா வால்பாறை பஸ் ஓட்டியவர். எந்த ஊரையும் அவர் மைல் கணக்கில் சொன்னதில்லை. எத்தனை மணி நேரம், எத்தனை வளைவு என்றுதான் சொல்வார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணனுக்குச் சிகாகோவில் வேலை கிடைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "வழியில எத்தன வளைவு?"

"வளைவே இல்லீங்கப்பா. வானத்துல நேராப் போயிருமுங்க."

"அப்பறம் எதுக்குடா ஒரு நாளுக்கு மேல ஆகுது? வளைவில்லாத ரோட்டுல அத்தன நேரம் ஓட்டறவன் என்ன டிரைவரு?"

வீடே சிரித்தது. எட்டாயிரம் மைலுக்கு மேல் என்று அண்ணன் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் அப்பாவைப் பார்க்க வந்தது ஒரே ஒரு தடவை. சில வருஷத்தில் அப்பா நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனிடமிருந்து போன் வரும். அப்படி ஒரு ஞாயிறன்று ரிசீவரை அப்பாவின் காதில் நான்தான் பிடித்திருந்தேன். பேசி முடித்த அண்ணன், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு சொல்கிற மாதிரியே, "செரிங்கப்பா, வாரேனுங்க" என்று வைத்துவிட்டான்.

எங்கள் பக்கத்தில் கிளம்புகிறவர்கள் 'போறேன்' என்று சொல்லவே மாட்டார்கள். 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். அப்பாவும் வேலையில் இருந்த காலமெல்லாம் அதைச் சொல்லித்தான் வண்டி எடுக்கப் போனார். ஆனால் அன்று அவருக்கு அது வேறாகக் கேட்டது.

"பையன் வாரானாமா," என்றார் அம்மாவிடம். "நேர் வழிதான. நாளைக்கே பீளமேட்டுல எறங்கிருவான்."

"அது போனை வெக்கறப்ப சொல்றதுங்கப்பா," என்றேன். அவர் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. மறுநாள் காலையில் முகச்சவரம் செய்துவிடச் சொன்னார். எங்கள் வீடு பீளமேடு விமான நிலையத்துக்குப் பக்கம். தலைக்கு மேல் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தார்.

பொறுக்க முடியாமல் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். பாவம், உடனே கிளம்பிவிட்டான். லண்டனில் மாறி, பம்பாயில் இறங்கி, கோயமுத்தூர் விமானத்தில் இடம் கிடைக்காமல் ஒரு பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தான். அந்தப் பகலில்தான் அப்பா போனார். கடல் தாண்டி வந்தவனுக்குக் கடைசித் துண்டு வழிதான் கிடைக்கவில்லை. அந்த ஒரு பகலை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அண்ணன் கிளம்பினான். பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்று, பழக்கத்தில், "வாரேனுங்கம்மா" என்றான்.

அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"இது எந்த வாரேனு, கண்ணு?"