திறந்தால் நான்கு மணி நேரம்

மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை ஊசி போட வேண்டிய வாரம். பதினோரு நாளில் காது குத்து, மண்டபம் சொல்லியாயிற்று. ஊசி போட்டால் காய்ச்சல் வருமென்று வீட்டில் பேசி, தள்ளிப்போட முடிவு செய்திருந்தோம். லாஸ்பேட்டையில் எங்கள் பகுதி சுகாதார நிலையத்துக்கு எடை பார்க்கவும், அதைச் சொல்லிவிட்டு வரவும்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மழை. எனக்கு முன்னால் ஒரு பெண் மட்டும் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். காலடியில் இரண்டு பெரிய பைகள்.

"அடுத்த வாரம் வாம்மா," என்றார் நர்ஸ். "தட்டம்மை ஊசி ஒரு குப்பி அஞ்சு குழந்தைக்கு. திறந்தா நாலு மணி நேரம்தான், அப்புறம் மிச்சத்தைத் தூக்கிப் போடணும். ஒரு குழந்தைக்காக எப்படித் திறக்கறது?"

"அடுத்த வாரம் நான் எங்க இருப்பேன் சிஸ்டர்? சாயந்திரம் திருப்பூர் பஸ். அவரு வேலைக்குச் சேந்துட்டாரு, நானும் கம்பெனிக்குப் போவணும். புது எடத்துல எனக்கு யாரு லீவு குடுப்பா?"

நர்ஸ் என்னைப் பார்த்தார். "உங்க பாப்பாவும் இருந்தா திறந்துடுவேன். கட்டாயப்படுத்த மாட்டேன், சார்."

"காய்ச்சல் வருமா?"

"சில குழந்தைக்கு வரும். இந்த ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு."

சரியாகக் காது குத்துக்கு. தடுப்பூசிக்குத் தயங்கும் பெற்றோரைப் பற்றி நாளிதழில் நிறைய எழுதியிருக்கிறேன். எந்தச் செய்தியிலும் கல்யாண மண்டபம் வந்ததில்லை. இன்னொரு குழந்தைக்காக என் குழந்தைக்கு ஊசி போடலாமா என்று யோசித்தேன். அவளுக்கும் வேண்டிய ஊசிதான் என்பதால் அந்த யோசனை வெகுநேரம் நிற்கவில்லை. மனைவிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கண்ணன் மடியில எப்படியும் அழத்தான் போறா. கொஞ்சம் சூடா அழட்டும். போடச் சொல்லு," என்றாள். "அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து குடுத்து அனுப்புவாங்களான்னு கேளு."

நர்ஸ் குப்பியைத் திறந்து அதன்மேல் நேரத்தை எழுதினார். இரண்டு குழந்தைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வீறிட்டன. பிறகு அவர் பதிவேட்டைப் பிரித்து, வராத தாய்மார்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். "குப்பி திறந்தாச்சு. மழைன்னு சாக்கு சொல்லாத, ஆட்டோ புடிச்சு வா."

ஊசி போட்டபின் அரை மணி நேரம் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். அதற்குள் இரண்டு பேர் ஒரே குடையில் வந்துவிட்டார்கள். திருப்பூர் போகிறவர் ஊசி அட்டையையும் மருந்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு, எழுந்து அவர்களுக்குப் பெஞ்சில் இடம் விட்டார்.

காது குத்து அன்று மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. மண்டபத்தில் யாரும் கவனிக்கவில்லை. மனைவி அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "திருப்பூர்லயும் இன்னைக்குச் சுடும், இல்ல?" என்றாள்.