பூட்டி வைத்த சாமி பிராஞ்ச்

அருப்புக்கோட்டையில் ஒரு பருப்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். நூல் கடை, பருப்பு மில், லாரி ஷெட் என்று ஒவ்வொருவருக்கும் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். நன்றாகத்தான் எழுதினோம். பெயர் வைப்பதில்தான் கோட்டை விட்டோம்.

ஒரு மென்பொருளின் நிரலை, அதாவது கோடை, பிராஞ்ச் என்று பல கிளைகளாகப் பிரிப்போம். ஆளுக்கொரு பிராஞ்சில் வேலை பார்த்து, சரியானதும் மூல பிராஞ்சில் சேர்ப்போம். மூல பிராஞ்சுக்கு ஊர் உலகத்தில் ‘மெயின்’ என்று பெயர் வைப்பார்கள். எங்கள் முதலாளி அண்ணாச்சியோ, முதல் புராஜெக்ட் விளங்க வேண்டும் என்று தன் குலசாமி பெயரை வைத்தார். கருப்பசாமி. அதைப் பார்த்து, எங்களோடு வேலை பார்த்த பரளச்சி ஊர்க்காரர் தன் புராஜெக்டுக்கு அய்யனார் என்று வைத்தார். வீட்டில் தெலுங்கு பேசும் நெசவாளர் வீட்டுப் பெண் தங்கள் குலதெய்வம் சௌடேஸ்வரி பெயரை வைத்தாள். பெங்களூர் ஹாஸ்டல் சாம்பார் போதுமென்று பக்கத்திலிருக்கும் சொந்த ஊர் பாலவனத்தத்துக்கே திரும்பி வந்து, இங்கே வேலைக்குச் சேர்ந்த நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்புறம் சென்னை நிறுவனம் ஒன்று எங்கள் மென்பொருள்களை மாநிலம் முழுக்க விற்க முன்வந்தது. பராமரிப்பு வேலை எங்களுக்கே. ஒரே நிபந்தனை: ஒரே கட்டளையில் எல்லா புராஜெக்டும் அவர்கள் கணினியில் ஏறி ஓட வேண்டும். அதற்கு மூல பிராஞ்சின் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளூரில் வேலை குறைந்துபோன சமயம்; இந்த வேலை தவறினால் அண்ணாச்சி ஆபீஸை மூடிவிடுவார், நான் மறுபடி பெங்களூர் பஸ் ஏற வேண்டும்.

“எல்லாத்தையும் மெயின்னு மாத்திருவோம் அண்ணாச்சி. அஞ்சு நிமிச வேலை.”

“ஏத்தா, சாமி பேர அழிக்கவா? எந்தக் கையி அழிக்கும்?”

ஆபீஸில் ஒருவரும் கீபோர்டைத் தொடவில்லை. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. இப்படியே உட்கார்ந்திருந்தால் சாமி வந்து கோடு எழுதுமா என்று கத்தினேன். அண்ணாச்சி கோபிக்கவில்லை. “பூக்கட்டிப் பாத்துருவோம்” என்றார்.

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கூடாது. கல்யாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் கேட்கிற உத்தரவைப் பிராஞ்சுக்குக் கேட்க அண்ணாச்சியின் கருப்பசாமி கோயிலுக்குப் போனோம். பூசாரி பிரித்த பொட்டலத்தில் சிவப்பு அரளி இருந்தது.

அண்ணாச்சி முகம் செத்துப்போனது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“சாமிகிட்ட என்னன்னு கேட்டீக?” என்றேன்.

“பேர எடுக்கலாமான்னு கேட்டேன்.”

“கூடாதுன்னுட்டாரு. சரி, எடுக்க வேண்டாம். அதுல இருந்தே புதுசா மெயின்னு ஒண்ணு பிரிப்போம். இனி வேலையெல்லாம் அதுல. சாமி பிராஞ்சைப் பூட்டிருவோம், யாரும் தொடவும் முடியாது, அழிக்கவும் முடியாது.”

அவர் சன்னதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். “ஊருக்கு வெளிய காவல் நிக்கிற எல்லைச்சாமி மாதிரி இருக்கட்டும்ங்கிற” என்றார். “அப்பச் சரி.”

மறுநாளே எல்லா புராஜெக்டிலும் மெயின் வந்தது. அதோடு விடவில்லை. புது வேலைக்கான பிராஞ்சுக்கு இன்ன முன்பெயர், பிழை திருத்தும் பிராஞ்சுக்கு இன்ன முன்பெயர் என்று விதி போட்டு, மாமியார்போல் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்றேன். முனகினார்கள், ஆனால் செய்தார்கள்.

சோதனை நாளில் சென்னைக்காரர் வீடியோ அழைப்பில் எங்கள் கண்முன்னே கட்டளையை அடித்தார். சரியாக ஓடியதற்கு அடையாளமாக ஒவ்வொரு புராஜெக்டாகப் பச்சை விழுந்தது. ஒன்றுகூடச் சிவப்பில்லை.

“எங்க புராஜெக்ட்லகூட பேருங்க இவ்வளவு ஒழுங்கா இல்லீங்க. உங்க விதிகளை அனுப்புங்க, நாங்களும் அதையே வச்சுக்கிறோம். யாருங்க இதைப் பண்ணது?” என்றார் அவர்.

அண்ணாச்சி என் நாற்காலியைப் பிடித்துக் கேமராவுக்கு நேரே இழுத்தார். “இந்தா, இந்தப் பிள்ளதான். பெங்களூரு வேணாம்னு எங்களோட இருக்க வந்த பிள்ள” என்றார்.

வேலை எங்களுக்குக் கிடைத்துவிட்டது, நான் எங்கேயும் போக வேண்டாம். பெருமையில் சென்னைக்காரருக்கு ஒரு வணக்கம் சொல்லக்கூட மறந்து, அவர் கேட்ட விதிகளை அப்போதே அனுப்பினேன்.